கொலையைக் காட்டாததுதான் அந்தப் படத்தின் பலம்

கேள்வி: ‘12 ஆங்ரி மென்’ படத்தை உலகின் தலைசிறந்த படங்களுள் ஒன்று என்கிறார்கள். பன்னிரண்டு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பேசுவது மேடை நாடகம்தானே? கொலை நடந்த இரவை ஒரு முறையாவது ஃபிளாஷ்பேக்கில் காட்டியிருந்தால் விறுவிறுப்பு கூடியிருக்காதா? பணம் இல்லாத குறையைக் கலை என்று பாராட்டுவது நியாயமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கையில் அதிகப் பணம் இல்லை என்பது உண்மைதான். 1957இல் வெளிவந்த அந்தப் படத்தை, நாயகனாக நடித்த ஹென்றி ஃபோண்டாவும் கதாசிரியர் ரெஜினால்ட் ரோஸும் சேர்ந்து மூன்றரை லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் தயாரித்தார்கள். 1954இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்பான நாடகமே அதற்கு மூலம் என்பதும் உண்மை. இயக்குநர் சிட்னி லூமெட்டும் தொலைக்காட்சியிலிருந்து வந்தவர். இதுவே அவருடைய முதல் திரைப்படம். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், கொலையைக் காட்டியிருக்கலாம் என்ற தங்கள் யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. அது படத்தின் அடிமடியிலேயே கைவைக்கும் யோசனை.

பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் தன் தகப்பனைக் கத்தியால் குத்திக் கொன்றதாக வழக்கு. அவன் குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்யவேண்டியவர்கள் ஜூரிகள், அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பன்னிரண்டு பேர். அவர்கள் ஒருமனதாகக் குற்றவாளி என்று சொன்னால் அவனுக்கு மரண தண்டனை நிச்சயம். முதல் வாக்கெடுப்பில் பதினொரு பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். எட்டாம் எண் ஜூரியாக வரும் ஃபோண்டா மட்டும், பையன் நிரபராதி என்று அடித்துச் சொல்லாமல், ஓர் உயிரைப் பற்றிய முடிவைப் பேசிப் பார்க்காமல் எடுக்க வேண்டாம் என்கிறார். அந்த அறையில் இருக்கும் எவரும் கொலையைப் பார்த்தவர் அல்லர்; நீதிமன்றத்தில் கேட்ட சாட்சியம் மட்டுமே அவர்கள் கையில் இருக்கிறது. நமக்கோ அதுவும் அவர்கள் வாய்வழியாகவே, அவரவர் கோபத்தோடும் முன்முடிவோடும் கலந்துதான் வந்து சேருகிறது. இந்த நிலையில் ஒரே ஒரு ஃபிளாஷ்பேக் வந்தாலும், திரையில் கண்ணால் கண்டதை உண்மை என்று நம்பிவிட்டு, இனி இவர்கள் எப்போது சரியான விடைக்கு வருவார்கள் என்று நாம் மேலிருந்து வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுவோம். பையன் கொன்றானா இல்லையா என்பதைப் படம் கடைசிவரை சொல்வதில்லை. நியாயமான சந்தேகத்துக்கு இடம் இருக்கிறதா என்பது மட்டுமே சட்டம் அவர்களிடம் கேட்ட கேள்வி. நம்மையும் அந்தக் கேள்விக்குள்ளேயே பூட்டி வைப்பதற்காகத்தான் ஜூரி அறையின் கதவு பூட்டப்படுகிறது.

ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். கீழ்வீட்டு முதியவர், மேலே ஆள் விழுந்த சத்தம் கேட்டுப் பதினைந்தே நொடியில் தம் வாசற்கதவைத் திறந்து, பையன் ஓடுவதைப் பார்த்ததாகச் சாட்சி சொல்லியிருக்கிறார். பக்கவாதத்தால் ஒரு காலை இழுத்து நடப்பவர் அவர். ஃபோண்டா, முதியவருடைய வீட்டின் வரைபடத்தை வரவழைத்து, நாற்காலிகளை இடம் மாற்றிப் போட்டு, அடி அளந்து, அந்த முதியவரைப் போலவே காலை இழுத்துக்கொண்டு நடக்கிறார். ஒருவர் கடிகாரத்தில் நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். 41 நொடி ஆகிறது. இதைப் பொறுக்க முடியாமல் மூன்றாம் எண் ஜூரியான லீ ஜே. காப், ‘இவனைக் கொல்லாமல் விடமாட்டேன்’ என்று ஃபோண்டாவின் மேல் பாய்கிறார். ‘நீங்கள் உண்மையாகவே என்னைக் கொல்லப்போவதில்லையே?’ என்று ஃபோண்டா நிதானமாகக் கேட்கிறார். தகப்பனைப் பார்த்துப் பையன் கத்தியதாகச் சொல்லப்பட்டவையும், காப் இப்போது கத்தியது போன்ற ‘கொன்றுவிடுவேன்’ என்ற சொற்கள்தான். அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் காப் அதுவரை அவனைத் தூக்கில் போடாத குறையாக வாதாடிக்கொண்டிருந்தார். கோபத்தில் சொல்லும் சொல் கொலைக்குச் சாட்சியாகாது என்பது அந்த அறைக்குள்ளேயே, நம் கண்ணெதிரே, அவர் வாயாலேயே நிரூபணமாகிவிடுகிறது. எந்த ஃபிளாஷ்பேக்கால் இதைச் செய்திருக்க முடியும்?

மேடை நாடகம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மேடை நாடகத்தில் பத்தாம் வரிசையில் உட்கார்ந்தவர் திரை விழும்வரை பத்தாம் வரிசையிலேயே இருக்கிறார். இங்கே அப்படி இல்லை. படத்தின் முதல் பகுதியில் கேமரா கண்மட்டத்துக்கு மேலேயும், நடுப்பகுதியில் கண்மட்டத்திலும், கடைசிப் பகுதியில் அதற்குக் கீழேயும் வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் போகப்போக மேற்கூரையும் கண்ணில் படத் தொடங்குகிறது. கூடவே, ஒளிப்பதிவாளர் போரிஸ் காஃப்மன் படிப்படியாக அதிகக் குவியத் தூரமுள்ள, அதாவது பின்னால் இருப்பதையும் அருகில் இழுத்துக் காட்டும், லென்ஸ்களுக்கு மாறுகிறார். அறை ஓர் அங்குலம்கூடச் சுருங்குவதில்லை. ஆனால் சுவர்கள் முதுகுக்குப் பின்னால் நெருங்கி வந்துவிட்டதுபோல் நமக்கே மூச்சு முட்டுகிறது.

செலவைக் குறைக்க ஒரு நாற்காலிக்கு விளக்கமைத்தவுடன் அந்த நாற்காலியில் நடக்கும் எல்லாவற்றையும், கதையில் எந்த இடத்தில் வந்தாலும், ஒன்றாக எடுத்து முடித்திருக்கிறார்கள். அப்படியானால் ஒவ்வொரு நடிகரும் எந்த வரியில் எவ்வளவு கொதித்திருக்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்திருக்க வேண்டும். அதற்காகவே படப்பிடிப்புக்கு முன் இரண்டு வாரம் ஒத்திகை நடந்தது. பணம் குறைவாக இருந்ததால் உழைப்பும் குறைந்துவிடவில்லை.

இந்தப் படத்தில் உண்மையாகவே ஒரு குறை உண்டு. தாங்கள் அதைக் கேட்டிருந்தால் நானும் உடன்பட்டிருப்பேன். கொலைக் கத்தி அபூர்வமானது என்று மற்றவர்கள் சொல்லும்போது, அதே போன்ற இன்னொரு கத்தியை எடுத்து மேசையில் குத்தி நிறுத்துகிறார் ஃபோண்டா. பையனின் வீட்டுக்குப் பக்கத்து அடகுக்கடையில் முந்தின இரவு வாங்கியதாம். ஜூரியே வெளியே போய்த் துப்பறிவது சட்டப்படி பெருந்தவறு. நீதிபதிக்குத் தெரிந்தால் விசாரணையே செல்லாது என்று அறிவித்துவிடலாம். அறைக்குள் இருப்பதை மட்டும் வைத்துப் பேசுவது என்று தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாட்டைப் படம் அந்த இடத்தில் மீறிவிடுகிறது. அதற்கு அவசியமும் இல்லை. அவ்வகைக் கத்திச் சண்டைகளைப் பார்த்து வளர்ந்த ஐந்தாம் எண் ஜூரி, பழகிய கை அதைக் கீழிருந்து மேல்நோக்கித்தான் குத்தும், தகப்பனின் காயமோ மேலிருந்து கீழ்நோக்கி இறங்கியது என்று பிற்பாடு செய்தே காட்டுகிறார். எந்தக் கடைக்கும் போகாமல், தம் சேரி வாழ்க்கையிலிருந்தே அவர் எடுத்துத் தரும் அந்த வாதம் ஃபோண்டாவின் கத்தியைவிடப் பல மடங்கு வலுவானது.