வாசகர் கேள்வி: ஜெபமும் துப்பும்

கே: 1815இல் இங்கிலாந்தில் நடக்கும் கிறிஸ்தவக் காதல் நாவல் ஒன்றை எங்கள் வாசகர் வட்டத்தில் படித்தோம். நாயகி ஜெபித்து எழுந்ததும் கொலைகாரன் யாரென்று தெரிந்துவிடுகிறது. பாதிப் பேர் உருகினார்கள், பாதிப் பேர் சப்பென்று இருக்கிறது என்றார்கள். எது சரி?

ப: இரண்டாவது கட்சிதான். ஜெபம் நாயகிக்குத் தைரியம் தரலாம், துப்பு தரக்கூடாது. முடிவைப் படித்ததும் முதல் பாதியைப் புரட்டுங்கள். குற்றவாளி அங்கே பேசியிருக்க வேண்டும், அவனைக் காட்டிக்கொடுக்கும் பொருளும் கண்ணில் பட்டிருக்க வேண்டும். கல்யாணத்துக்காகவே நாயகன் கடைசி அத்தியாயத்தில் மனந்திரும்புவதும் இதே கோளாறுதான். விசுவாசம் பேரம் போல ஆகிவிடுகிறது.

கே: அதே கதையில் இருவரும் சந்தித்த நான்காம் நாளே ஊர்க் கோவிலில் திருமணம். நடக்குமா?

ப: சிரமம். அன்று நடப்பிலிருந்த 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். இருவரும் வெவ்வேறு பங்கு (ஒரு கோவிலுக்கு உட்பட்ட வட்டாரம்) என்றால் இரண்டு கோவிலிலும் வாசிக்க வேண்டும். ஓலை வேண்டாமென்றால் பிஷப்பின் உரிமம் வாங்கலாம். அதற்கும் இருவரில் ஒருவர் அந்தப் பங்கில் நான்கு வாரம் குடியிருந்திருக்க வேண்டும். 21 வயது நிரம்பாதவர் தகப்பன் அல்லது காப்பாளர் சம்மதமின்றி உரிமத்தில் மணந்தால் அது செல்லாது. எங்கும் எப்போதும் மணக்க அனுமதிக்கும் சிறப்பு உரிமத்தைக் காண்டர்பரி பேராயர் மட்டுமே தருவார். அவசரக்காரர்கள் ஸ்காட்லாந்து எல்லைக்கு, கிரெட்னா கிரீனுக்கு ஓடியது இதனால்தான். இந்தச் சட்டம் அங்கே செல்லுபடியாகாது.

மர்மக் கதைக்காரருக்கு இது வரப்பிரசாதம். மூன்று ஞாயிறு என்பது கையில் கிடைத்த கெடு. மூன்றாம் வாசிப்பில் யாராவது எழுந்து ஆட்சேபிக்கலாம். திருமணப் பதிவேட்டில் தம்பதியோடு இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். செத்துப்போனதாகச் சொல்லப்பட்டவனின் கையெழுத்து அங்கே இருந்தால்? காதல், விசுவாசம், மர்மம் மூன்றும் ஒரே பக்கத்தில் முடிச்சுப் போடும். நான்கே நாளில் முடித்து அத்தனையையும் வீணடித்திருக்கிறார் ஆசிரியர்.

கே: வேறு என்ன பிழைகளைக் கவனிக்கலாம்?

ப: உரசும் தீக்குச்சி விற்பனைக்கு வந்தது 1827இல். லண்டன் பெருநகரப் போலீஸ் 1829இல்தான்; அதற்கு முன் பிரேத விசாரணை அதிகாரி, மாஜிஸ்திரேட், ஊர்க் கான்ஸ்டபிள். மிரட்டல் கடிதத்தின் உறையைத் தேடி நாயகன் குப்பையைக் கிளறினால் சந்தேகப்படுங்கள். 1840 வரை தாள் கணக்கில்தான் தபால் கூலி, உறையும் ஒரு தாளாகச் சேரும். ஆகவே ஒரே தாளை மடித்து அரக்கு வைப்பார்கள். முகவரியும் தபால் முத்திரையும் அதே தாளின் வெளிப்புறத்தில் இருக்கும். கூலியைப் பெரும்பாலும் பெறுபவரே கொடுப்பார், மிரட்டலுக்கும் காசு!