கதவைச் சாத்திக்கொண்டு பேசட்டும்

வணக்கம் தங்கச்சி. உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். அமெரிக்கா வந்து எட்டு மாதம். உங்கள் வீட்டுக்காரரின் அண்ணன் பிள்ளைகள், ஒன்பது வயதுப் பையனும் நாலு வயதுப் பெண்ணும், கோர்ட் உத்தரவின்பேரில் மூன்று வாரமாக உங்களிடம் இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை கேஸ் ஒர்க்கர், அதாவது இந்தப் பிள்ளைகளைக் கவனிக்கும் பொறுப்பில் இருக்கிற குழந்தைகள் நல அலுவலக ஊழியர், முதல் முறையாக வீட்டுக்கு வருகிறார். வந்தால் என்னென்ன பார்ப்பார், பையனிடம் தனியாகப் பேச வேண்டும் என்கிறாரே அது எதற்கு, நாங்கள் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அதில் ஒன்பது வருடம் எங்கள் வீடு ஃபாஸ்டர் வீடாக, அதாவது பெற்றோரிடம் இருக்க முடியாத பிள்ளைகளைத் தற்காலிகமாக வைத்து வளர்க்கும் வீடாக, இருந்தது. ஏழு பிள்ளைகள் வந்து இருந்து போயிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் மாதாமாதம் கேஸ் ஒர்க்கர் வந்திருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று எழுத்திலேயே தெரிகிறது. இது உங்களைப் பிடிப்பதற்காக வருகிற சோதனை இல்லை. பிள்ளைகள் அரசாங்கத்தின் பொறுப்பில் இருப்பதால் அரசாங்கம் மாதம் ஒரு தடவையாவது அவர்கள் முகத்தைப் பார்த்தாக வேண்டும். 2006-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 2011-இல் அதை இன்னும் இறுக்கினார்கள். 2015 நிதியாண்டு முதல் ஒவ்வொரு மாநிலமும், மாதம் ஒன்று என்று கணக்கிட்டால் நடக்க வேண்டிய சந்திப்புகளில் 95 சதவீதத்தையாவது நடத்திக் காட்ட வேண்டும். நடந்த சந்திப்புகளில் பாதியாவது பிள்ளை தங்கியிருக்கும் இடத்திலேயே நடந்திருக்க வேண்டும். தவறினால் மாநிலத்துக்கு வரும் கூட்டாட்சி நிதியில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் செவ்வாய்க்கிழமை வருவது உங்கள் மேல் சந்தேகப்பட்டு வருவது இல்லை. நாட்டில் ஃபாஸ்டர் கேரில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் நடப்பதுதான். ஒரு மாதம் பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வருவார். பையன் வந்து "இன்னைக்கு அவங்க ஸ்கூலுக்கு வந்தாங்க" என்று சொன்னால் பதற வேண்டாம்.

பெரியவர்களான நமக்குச் சட்டம் தெரிந்தால் பயம் போய்விடும். பிள்ளைகளுக்குப் போகாது. அவர்களைப் பொறுத்தவரை அந்தக் கேஸ் ஒர்க்கர் அம்மா யார்? தங்களை வீட்டிலிருந்து காரில் ஏற்றிக் கூட்டி வந்தவர். எங்களிடம் முதலில் வந்தவன் எட்டு வயதுப் பையன். இரண்டாவது மாதம் கேஸ் ஒர்க்கர் வருகிறார் என்று காலையில் சொன்னேன். சரி என்று தலையாட்டினான். சாயங்காலம் அவர் காரை நிறுத்தும் சத்தம் கேட்டதும் இவன் மாடியிலிருந்து இறங்கி வருகிறான். முதுகில் பை. ஷூ போட்டு லேஸ் கட்டியிருக்கிறான். கையில் பல் துலக்கும் பிரஷ், ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் சுற்றி. யாரும் அவனைக் கிளம்பச் சொல்லவில்லை. முன்னால் இருந்த இரண்டு வீடுகளிலும் அவர் கார் வந்த அன்றைக்குத்தான் அவன் இடம் மாறியிருக்கிறான். கார் வந்தால் கிளம்ப வேண்டும் என்று அவனே கற்றுக்கொண்டிருக்கிறான்.

அதனால் திங்கட்கிழமை ராத்திரியே இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். "நாளைக்கு அவங்க உங்களைப் பார்க்கத்தான் வர்றாங்க. பேசிட்டுப் போயிடுவாங்க. நாளைக்கு ராத்திரி நீங்க இங்கதான் தூங்குவீங்க." இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்ல முடியுமா என்று முன்கூட்டியே கேஸ் ஒர்க்கருக்கு போன் செய்து கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு சொல்லுங்கள். நாம் சொன்னது பொய்யாகிவிட்டால் அப்புறம் அந்தப் பிள்ளை நம்மை நம்பாது.

இனி தனியாகப் பேசுவது. உங்கள் மனசில் உறுத்துவது இதுதான், எனக்குப் புரிகிறது. அவர் பையனை அவன் அறைக்கோ வெளித் திண்ணைக்கோ கூட்டிக்கொண்டு போவார். கதவைச் சாத்திக்கொள்வார். பத்து நிமிஷமும் ஆகலாம், அரை மணி நேரமும் ஆகலாம். நல்ல கேஸ் ஒர்க்கர் நாற்காலி தேட மாட்டார், தரையில் உட்கார்ந்துவிடுவார். எடுத்த எடுப்பில் "உன்னை அடிக்கிறாங்களா" என்று கேட்க மாட்டார். நேற்று காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்தாய் என்பார். இந்த வீட்டில் தப்பு செய்தால் என்ன நடக்கும், ராத்திரி பயமாக இருந்தால் யாரிடம் போவாய், அம்மாவிடம் கடைசியாக எப்போது பேசினாய், பேசின அன்றைக்கு எப்படி இருந்தது, பள்ளியில் யாரோடு உட்கார்கிறாய், இங்கே எதையாவது மாற்றலாம் என்றால் எதை மாற்றுவாய் என்று கேட்பார். சில பிள்ளைகள் வாயே திறக்காது. அப்போது படம் வரையச் சொல்வார், அல்லது சேர்ந்து விளையாடுவார். நாலு வயதுக் குட்டியிடம் பேச்சைவிடப் பார்வைதான் அதிகம். உங்கள் மடியில் வந்து உட்காருகிறாளா, விழுந்தால் யாரிடம் ஓடுகிறாள், புது ஆளைப் பார்த்து ஒளிகிறாளா என்று கவனிப்பார். இரண்டு பேரையும் தனித்தனியாகவும் பார்ப்பார், சேர்த்தும் பார்ப்பார்.

பையனை முன்கூட்டியே தயார் செய்யாதீர்கள். இந்தத் தப்பை நான் செய்தேன். அந்த எட்டு வயதுப் பையனிடம், "சந்தோஷமா இருக்கேன்னு சொல்லு கண்ணு" என்று ஆசையாகத்தான் சொன்னேன். அவன் அப்படியே போய்ச் சொன்னான். பள்ளிப் பேருந்தில் பெரிய பையன்கள் இரண்டு பேர் ஒரு மாதமாக அவனைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சந்தோஷமாக இருப்பதாகச் சொல்ல வேண்டும் என்று நான்தானே சொல்லி அனுப்பினேன்? அடுத்த மாதம் அவன் முழங்கையில் சிராய்ப்பைப் பார்த்துக் கேஸ் ஒர்க்கர் கேட்டபோதுதான் வெளியே வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் மனசு கனக்கிறது.

உங்கள் நிலைமையில் இன்னொன்றும் இருக்கிறது. இது சொந்தக் குடும்பம். அண்ணன் வீட்டில் நடந்தது வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று பெரியவர்கள் போனில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். "வீட்டு விஷயத்தை வெளியாளிடம் சொல்லாதே" என்று பையனிடமும் யாராவது சொல்லியிருக்கலாம். தயவுசெய்து நீங்கள் அதைச் சொல்லாதீர்கள், மற்றவர்கள் சொன்னாலும் தடுங்கள். அந்தப் பிள்ளைக்கு எது நடந்திருந்தாலும், இனி நடந்தாலும், அதைச் சொல்ல இருக்கிற இடம் மாதம் ஒரு தடவை அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால் கிடைக்கிற அரை மணி நேரம்தான். "என்ன வேணும்னாலும் அவங்ககிட்ட சொல்லலாம், சித்தியைப் பத்தியும் சொல்லலாம், சித்தி கோவிச்சுக்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். அவர் போன பிறகு "என்ன கேட்டாங்க, என்ன சொன்னே" என்று துருவாதீர்கள். அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பார்ப்பதைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். விளையாட்டுச் சாமான் இறைந்து கிடந்தால் யாரும் குறை எழுத மாட்டார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் படுக்கை இருக்கிறதா, உடுப்பு வைக்க இடம் இருக்கிறதா, புகை அலாரம் வேலை செய்கிறதா, மருந்துகள் பூட்டி வைத்திருக்கிறதா, துப்பாக்கி இருந்தால் அது எப்படிப் பூட்டியிருக்கிறது என்று பார்ப்பார். நுணுக்கமான விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அவரிடமே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சின்னவள் ராத்திரி அழுகிறாள் என்று உங்கள் படுக்கையில் போட்டுக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். நமக்கு அது இயல்பு, ஆனால் ஃபாஸ்டர் வீட்டு விதிகளில் அதற்குப் பெரும்பாலும் இடமில்லை. மறைக்க வேண்டாம். "அழுகிறாள், இப்படித்தான் சமாளிக்கிறேன், வேறு என்ன செய்யலாம்" என்று நீங்களே கேளுங்கள். அவள் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவது போல ஏதாவது வழி சொல்வார். கண்டிப்பதற்கு ஒரு தட்டு தட்டுவதுகூடக் கூடாது, அதில் பேச்சே இல்லை. உங்கள் வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். வீட்டில் வேறு பெரியவர்கள் யாராவது வந்து தங்கப்போகிறார்கள் என்றால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், அவர்களுக்கும் பின்னணிச் சோதனை கேட்கலாம்.

உங்கள் இரண்டு பேரிடமும் பேச அவர் நேரம் ஒதுக்குவார். அந்த நேரத்தை வீணாக்கிவிடாதீர்கள். இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி ஆரம்பியுங்கள். தேதி போட்டு எழுதுங்கள்: காய்ச்சல் வந்தது, டாக்டர் என்ன சொன்னார், பல் டாக்டரிடம் எப்போது போக வேண்டும், டீச்சர் என்ன குறிப்பு அனுப்பினார், அம்மாவைப் பார்த்துவிட்டு வந்த ராத்திரி பையன் எப்படித் தூங்கினான். அவர் போய் எழுதுகிற அறிக்கை கோர்ட்டுக்குப் போகும். உங்கள் நோட்டில் இருப்பதுதான் அதில் பாதி. நீங்களும் கேளுங்கள். அடுத்த விசாரணை எந்தத் தேதி? டாக்டரிடம் யார் கையெழுத்துப் போடுவது? மாநிலம் விட்டு வெளியே போக யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? பள்ளிச் சுற்றுலா, நண்பன் வீட்டுப் பிறந்தநாள் போன்றவற்றுக்கு ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், பொறுப்பான பெற்றோர் முடிவு செய்வது போல ஃபாஸ்டர் பெற்றோரே முடிவு செய்யலாம் என்று 2014-இல் சட்டம் வந்திருக்கிறது. அது உங்களுக்கு எப்போதிலிருந்து பொருந்தும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். விசாரணை பற்றி உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும், அங்கே பேசவும் உங்களுக்கு உரிமை உண்டு. பிள்ளைகள் படத்தை வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் போடுவதை இப்போதே நிறுத்திவிடுங்கள்.

முடியாததை முடியாது என்று சொல்லுங்கள். நான் முதல் வருடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், உதவி கேட்டால் தகுதியில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில். மனநல ஆலோசனை, ஓரிரு நாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாற்று ஏற்பாடு எல்லாம் இருந்தும் அதனால் எனக்குத் தெரியாமலே போயிற்று.

மொழி பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் மாமியாருக்கு ஆங்கிலம் வராது, பையனே மொழிபெயர்த்துவிடுவான் என்றீர்கள். வேண்டாம். தன் அப்பா அம்மாவைப் பற்றிய பேச்சை ஒரு பிள்ளை வாயால் மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் கீழ் கூட்டாட்சிப் பணம் வாங்கும் அலுவலகங்கள் இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும். தமிழ் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். உள்ளூர்த் தமிழர் யாராவது வந்து, அடுத்த வாரமே ஊர் முழுக்கப் பேச்சாகிவிடுமோ என்று பயந்தால், போன் வழியாக வேறு ஊர் ஆளைத் தரச் சொல்லிக் கேட்கலாம். நான் அப்படித்தான் கேட்டேன், கொடுத்தார்கள்.

எல்லாக் கேஸ் ஒர்க்கரும் ஒரே மாதிரி இருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். எங்களுக்கு ஒருவர் இருந்தார். மாதம் 30-ஆம் தேதி சாயங்காலம் வருவார், கோட்டைக் கழற்ற மாட்டார், என் முன்னாலேயே பிள்ளையிடம் "எல்லாம் ஓகேதானே" என்பார், எட்டு நிமிஷத்தில் கிளம்பிவிடுவார். அவர் தலையில் எத்தனை கேஸ் இருந்ததோ. இருந்தாலும் அது பிள்ளைக்குச் சேர வேண்டிய நேரம். மூன்றாவது மாதம் நானே, "நான் மாடிக்குப் போகிறேன், நீங்கள் இரண்டு பேரும் தனியாகப் பேசுங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். அன்றைக்கு இருபத்தைந்து நிமிஷம் இருந்தார். அப்படியும் சரிவராவிட்டால் அவருடைய மேலதிகாரியிடம் மரியாதையாக எழுதலாம். பையனுக்கென்று வக்கீலோ, பிள்ளைக்காகக் கோர்ட்டில் பேசும் காசா (CASA) என்கிற தன்னார்வலரோ நியமித்திருந்தால் அவரிடமும் சொல்லலாம். காசா 1977-இல் சியாட்டிலில் டேவிட் சூக்கப் என்ற நீதிபதி தொடங்கிய ஏற்பாடு. தன் முன்னால் வரும் பிள்ளைகளைப் பற்றிச் சரியாகத் தெரியாமல் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற தவிப்பில்தான் அவர் அதைத் தொடங்கினார். அவர்களும் வீட்டுக்கு வருவார்கள், குழப்பிக்கொள்ளாதீர்கள். யார் எதற்கு வருகிறார் என்று நோட்டின் முதல் பக்கத்தில் பெயர், போன் நம்பரோடு எழுதி வையுங்கள்.

அந்த எட்டு வயதுப் பையன் எங்களோடு பதினான்கு மாதம் இருந்தான். ஆறாவது மாதமோ என்னவோ, கார் சத்தம் கேட்டது, அவன் இறங்கி வரவில்லை. போய்ப் பார்த்தேன். வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து, அந்த அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று தன் அலமாரி டிராயரை இழுத்து வைத்துக்கொண்டிருந்தான். பிரஷ் குளியலறையில் அதன் இடத்திலேயே இருந்தது.

செவ்வாய்க்கிழமை முடிந்ததும் இரண்டு வரி எழுதுங்கள். சின்னவள் அன்றைக்கு எப்படித் தூங்கினாள் என்றும் சொல்லுங்கள்.