மூன்றாம் நாள் இரவு – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் கொடைக்கானல் மலையில், பூம்பாறைக்குப் பக்கம். அண்ணன் பூண்டு விவசாயி. பதினைந்து வருடமாகத் தினமும் குடிப்பவர். சென்ற தைப்பூசத்துக்குப் பழனிக்கு மாலை போட்டு, அன்றைக்கே குடியை விட்டார். மூன்றாம் நாள் இரவு உடம்பெல்லாம் நடுங்கியது. சுவரில் எறும்பு ஊர்கிறது என்றார். வெறுங்கையால், இல்லாத பூண்டுத் தாளைச் சேர்த்து முடிந்துகொண்டே இருந்தார். முருகன் சோதிக்கிறான் என்றார்கள் சிலர். பேய் என்றார்கள் சிலர். மாமா குவார்ட்டர் வாங்கிவந்து கொடுத்தார், அடங்கிவிட்டது. இப்போது வீட்டில், “குடித்தாலும் உயிரோடு இருக்கிறானே, விடச் சொல்லாதே” என்கிறார்கள். நான் என்ன செய்ய?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

அந்தப் பூண்டு முடிச்சுக்கு மேல் சற்று நேரம் படிக்க முடியவில்லை. என் சித்தப்பா பஸ் ஓட்டுநர். அவரும் ஒரு மூன்றாம் நாள் இரவு கட்டிலில் உட்கார்ந்து, இல்லாத ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். வளைவுக்கு வளைவு உள்ளங்கையால் ஹாரனை அழுத்தினார். தூணில் கட்டினார்கள், பதினேழு வயதில் நான்தான் காலைப் பிடித்துக்கொண்டேன். உடம்பு அனலாகக் கொதித்தது. விடிவதற்குள் போய்விட்டார். பேய் அடித்தது என்றுதான் ஊர் இன்றும் சொல்கிறது.

பேயும் இல்லை, சோதனையும் இல்லை. மது மூளையை அமுக்குகிறது. வருடக்கணக்கில் குடிப்பவரின் மூளை அந்த அமுக்கத்தை ஈடுகட்டத் தன்னை முடுக்கி வைத்துக்கொள்கிறது. மதுவைச் சட்டென்று நிறுத்தினால் முடுக்கம் மட்டும் மிஞ்சும். சில மணி நேரத்தில் கை நடுங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் சிலருக்கு இந்தப் பிதற்றல் வரும். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். மருத்துவமனையில் வைட்டமின் பி1 ஊசியும், நாளுக்கு நாள் குறைத்துக் கொடுக்கும் மாத்திரையும் தருவார்கள். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தெளிந்துவிடுகிறார்கள்.

அண்ணனுக்கு ஆபத்து வந்தது குடியை விட்டதால் அல்ல, மருத்துவர் துணையின்றி விட்டதால். உங்கள் வீட்டில் இதைத்தான் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். குடித்துக்கொண்டே இருந்தால் ஈரல் எத்தனை நாள் தாங்கும்? மலைக்குளிருக்குக் குடிக்கிறேன் என்பதும் பொய்யான ஆறுதல்தான். மது தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவருவதால் கதகதப்பாகத் தெரிகிறது. உள்ளே உடல் சூட்டை இழந்துகொண்டிருக்கிறது.

கொடைக்கானல் என்றாலே பத்திரிகைகளில் போதைக் காளானும் கஞ்சாவும்தான். எழுத வேண்டியதுதான். ஆனால் 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி நாட்டில் கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் சுமார் 3 கோடிப் பேர். குடிப்பவர்கள் சுமார் 16 கோடி. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் சிகிச்சை பெற்றிருந்தார். மற்ற 37 வீடுகளிலும் உங்கள் மாமாவைப் போல யாராவது குவார்ட்டர் வாங்கத்தானே ஓடியிருப்பார்கள்? அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அன்றிரவு அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

அடுத்த தைப்பூசம்வரை காத்திருக்க வேண்டாம். மாலை பிறகு போட்டுக்கொள்ளலாம். கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்; அங்கிருந்து தேனிக்கோ மதுரைக்கோ அனுப்பினால் தயங்காமல் போங்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் வழி கேட்கலாம். அதுவரை அவராகச் சட்டென்று நிறுத்த விடாதீர்கள். தினமும் எவ்வளவு என்று மருத்துவர் கேட்கும்போது அண்ணன் கூச்சப்பட்டுப் பாதியைத்தான் சொல்வார். நீங்கள் பக்கத்தில் இருந்து முழு அளவையும் சொல்லுங்கள், அந்த மூன்றாம் நாள் இரவையும் சொல்லுங்கள். மாத்திரையின் அளவை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.