பி450 போர்டும் புதிய ரைசனும்

நண்பரே, பி450 மதர்போர்டில் ஏஎம்டியின் ரைசன் 5 2600 பிராசசர் வைத்திருக்கிறேன், அடுத்த தலைமுறை பிராசசருக்குக் காத்திருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ரைசன் 7000 வரிசையிலிருந்து, அதாவது 2022 முதல், சாக்கெட் (போர்டில் பிராசசர் பொருந்தும் இடம்) ஏஎம்5, உங்களுடையது ஏஎம்4. உங்களிடம் இருக்கும் டிடிஆர்4 வகை ரேமும் அதில் சேராது. போர்டு, ரேம் எல்லாமே மாற்ற வேண்டிவரும்.

நானாக இருந்தால் ரைசன் 7 5700எக்ஸ் வாங்குவேன். 8 கோர் (கணக்கிடும் பகுதிகள்), 16 திரெட் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலைகள்), 2600-க்கு உள்ள அதே 65 வாட். நீங்கள் சொன்ன வீடியோ ரெண்டர் வேலையில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஆனால் பழைய 2600 போர்டில் இருக்கும்போதே பயாஸை (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிடுங்கள். புதியதை மாட்டிய பிறகு என்றால், பழைய பயாஸுக்கு அதை அடையாளம் தெரியாமல் திரையே வராமல் போகலாம், அப்புறம் யாரிடமாவது பழைய பிராசசர் கடன் கேட்டு அலைய வேண்டும். 5700எக்ஸ் பெட்டியில் கூலர் (பிராசசரைக் குளிர்விக்கும் விசிறி) வராது. இருப்பதையே தெர்மல் பேஸ்ட் (வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் பசை) புதிதாகப் போட்டு மாட்டுங்கள்.