பத்து ராண்ட் பங்காளி

அன்புள்ள ஐயா,

பணக்காரன் மேலும் பணக்காரன் ஆவது அவன் கையில் மூலதனம் இருப்பதால்தான் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் இங்கே தென்னாப்பிரிக்காவில் குடிமக்கள் எல்லோருக்கும் அதில் ஒரு பங்கைக் கொடுத்துவிடலாமே? மாதம் 370 ராண்ட் உதவித்தொகை கொடுப்பதைவிட அது மேல் இல்லையா? அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் செய்கிறார்களாமே.

எங்கள் ஆயா கறுப்பினத்தவருக்கான பங்குத் திட்டம் ஒன்றில் 2,000 ராண்ட் போட்டிருந்தார். போன வருடம் காலமானார். கடிதங்கள் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. எல்லாம் வெறும் காகிதம், ஏமாற்று வேலை என்கிறார் மாமா. எனக்கும் நம்பிக்கை விட்டுப்போய், பென்ஷனில் இடையில் எடுக்க விடுகிற ‘சேமிப்புப் பானை’யிலிருந்து எடுத்து டிவி வாங்கிவிட்டேன்.

ச., சாட்ஸ்வொர்த்

அன்புள்ள ச.,

அலாஸ்காவைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1976இல் எண்ணெய் வருமானத்தில் ஒரு பகுதியை நிதியாக ஒதுக்கினார்கள். 1982 முதல் அங்கே குடியிருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை வருகிறது. நல்ல ஏற்பாடு. உதவித்தொகையா பங்கா என்று கேட்பதுதான் தப்பு. பசித்தவனுக்குச் சோறு இன்றைக்கு வேண்டும், டிவிடெண்ட், அதாவது கம்பெனி தரும் லாபப் பங்கு, வரும்வரை வயிறு காத்திருக்காது.

என்னை எழுத வைத்தது உங்கள் ஆயாவின் டின்தான். அலாஸ்காக்காரர் தன் பங்குக்காக யாரிடமும் கடன் வாங்கவில்லை. ஆயாவின் பங்கு கடனில் வாங்கியதாக இருக்க வேண்டும், அவருக்கே அது தெரிந்திருக்காது.

மாமா சொல்வதுபோல் ஏமாற்று இல்லை. எல்லாம் பங்கு விற்கும்போது கொடுத்த விவரப் புத்தகத்தில், பிராஸ்பெக்டஸில், அச்சிட்டிருந்தது. சீட்டில் தள்ளு எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்று நாலு தடவை கேட்கிற குடும்பங்கள், இதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டன. உங்கள் மாமா படித்தாரா என்று கேளுங்கள்.

2003ஆம் வருடக் கறுப்பினப் பொருளாதார அதிகாரமளிப்புச் சட்டம் ‘கறுப்பினத்தவர்’ என்பதில் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரையும் சேர்த்தது. 1860இல் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் வாரிசுகளுக்கும் அப்படித்தான் வாசல் திறந்தது. ஆனால் பெரிய கம்பெனியின் பங்கு நேராக உங்கள் பெயருக்கு வருவதில்லை. நடுவில் தனியாக ஒரு கம்பெனி வைப்பார்கள். நீங்கள் அதற்குப் பங்காளி, அது பெரிய கம்பெனிக்குப் பங்காளி. உங்கள் காசு கொஞ்சம்தான். மீதியை வங்கி முன்னுரிமைப் பங்கு என்ற பெயரில் கொடுக்கும், அல்லது விற்கிற கம்பெனியே கடனாக எழுதிக்கொள்ளும். பெயர் எதுவானாலும் வட்டி வட்டிதான்.

கணக்குக்காக ஒரு பங்கு 100 ராண்ட் என்று வையுங்கள். உங்கள் காசு 10, கடன் 90, வட்டி 10 சதவீதம். வருடத்துக்கு வட்டி மட்டும் 9 ராண்ட். கம்பெனி கொடுக்கிற டிவிடெண்ட் 4 ராண்ட் என்றால், அது அப்படியே வட்டிக்குப் போகும். போதாத 5 ராண்ட் அசலோடு ஏறி, அதுவும் குட்டி போடும். பத்து வருடத்தில் 90 ராண்ட் கடன் 170 ஆகிவிடும். இப்போது பங்கு விலையைப் பாருங்கள். வருடம் 5 சதவீதம் ஏறினால் 163 ராண்ட், கையில் ஒன்றும் இல்லை. 6 சதவீதம் என்றால் 179, போட்ட பத்தில் 9 திரும்பும். 7 சதவீதம் என்றால் 197, பத்து ராண்ட் 27 ஆகும். பங்கு மூன்று கணக்கிலும் ஏறித்தான் இருக்கிறது. இரண்டே சதவீத வித்தியாசத்தில் ஒரு குடும்பம் கொண்டாடுகிறது, இன்னொன்று ‘ஏமாற்று’ என்கிறது.

அதே பங்கு 12 ராண்ட் டிவிடெண்ட் கொடுத்தால்? பத்து வருடத்தில் கடன் 42க்கு இறங்கிவிடும். விலை ஒரு சென்ட்கூட ஏறாமல் 100இலேயே நின்றாலும் 58 உங்களுக்கு.

புத்தூமா நாத்தி என்ற பங்குத் திட்டம் பிழைத்தது இப்படித்தான். 2006இல் பங்கு 10 ராண்ட், அதற்கு மேல் 40 ராண்ட், பங்கை விற்ற நாஸ்பர்ஸ் கம்பெனியின் கடன். அதன் கட்டண டிவியான டிஎஸ்டிவியின் சந்தா மாதாமாதம் ரொக்கமாக வந்தது, டிவிடெண்டும் தாராளமாக வந்தது, கடன் அடைந்தது. 2019இல் அந்த டிவி கம்பெனியில் இன்னும் 5 சதவீதத்தைக் காசில்லாமலே கொடுத்தார்கள். செல்போன் கம்பெனியான எம்டிஎனின் பங்குத் திட்டம், எம்டிஎன் ஸக்கேலே ஃபூத்தி, 2016இல் 20 ராண்டுக்கு வந்தது. 2024 நவம்பரில் முடிய வேண்டியது, அப்போது கடன் போகச் சொல்லும்படி மிச்சம் இல்லாததால் 2027 வரை நீட்டினார்கள். 2023இல் நைஜீரியாவில் நைராவின் மதிப்பு சரிந்து, எம்டிஎனின் பெரிய சந்தை அடிவாங்கியிருந்தது. லாகோஸில் பணம் சரிந்தால் சாட்ஸ்வொர்த் ஆயாவின் டின் காலியாகும், அவரிடம் யார் இதைச் சொன்னார்கள்? 2025இல் எம்டிஎன் பங்கு வெகுவாக ஏறியது. அதே பங்கு, அதே ஆயா, முடிவுத் தேதிதான் வேறு. பங்கைத் தன் சொந்தக் காசில் வைத்திருப்பவனுக்கு முடிவுத் தேதி கிடையாது, மோசமான வருடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பான். கடன்காரன்தான் குறித்த நாளில் கணக்கை முடிக்க வேண்டும்.

நடுவில் விற்றுவிடலாமே என்பார்கள். வாங்குகிறவரும் அந்த 2003 சட்டப்படி தகுதி உள்ளவராக இருக்க வேண்டும். ஆள் குறைவு, அதனால் கடன் போக மிஞ்சும் உள்மதிப்பைவிடக் குறைந்த விலைக்குத்தான் பெரும்பாலும் போகும்.

மூலதனத்தில் பங்கு கேட்டுப் பக்கம் நிறைய எழுதிவிட்டுக் கடைசி வரியில் டிவி என்கிறீர்களே! அந்தப் பென்ஷன் நிதிக்குள் இருப்பது என்ன? பங்குகளும் பத்திரங்களும், அதுவும் கடன் சுமை இல்லாமல் உங்களுக்காக. 2024 செப்டம்பர் 1 முதல் உங்கள் சந்தாவில் மூன்றில் ஒரு பங்கு சேமிப்புப் பானைக்கும் மீதி ஓய்வுப் பானைக்கும் போகிறது. தொடக்கத்தில் பழைய சேமிப்பில் 10 சதவீதம், அதிகபட்சம் 30,000 ராண்ட், விதையாகப் போட்டார்கள். வருடத்துக்கு ஒரு தடவை, குறைந்தது 2,000 ராண்ட் எடுக்கலாம். எடுத்தது வருமானத்தோடு சேர்ந்து வரி கட்டும். டிவிக்கு நீங்கள் கொடுத்தது கடை விலை மட்டுமல்ல, வரியையும் சேர்த்து. வீட்டு வாடகைக்கோ மருந்துக்கோ எடுத்திருந்தால் வாய் திறந்திருக்க மாட்டேன்.

சரி, டின். ஆயாவின் சொத்து மொத்தம் 250,000 ராண்டுக்குள் என்றால், இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் உயர்நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் அதிகாரக் கடிதம் வாங்கினால் போதும், நீளமான சொத்து நிர்வாக நடைமுறை வேண்டாம். அந்தக் கடிதம், இறப்புச் சான்று, உங்கள் அடையாள அட்டை, முகவரிச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் பங்குப் பதிவேடு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். ஆயாவின் வங்கிக் கணக்கு மூடியிருந்தால் டிவிடெண்ட் திரும்பிப்போய் ‘கோரப்படாதது’ பட்டியலில் நிற்கும். அதையும் சேர்த்துக் கேளுங்கள். 20 சதவீத டிவிடெண்ட் வரியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். விதிகளில் காலக்கெடு இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள்.

கடிதங்களில் எதையும் கிழித்துப் போடாதீர்கள். கடைசியாக வந்த ஆண்டறிக்கையில் முன்னுரிமைப் பங்கு நிலுவை என்று ஒரு வரி இருக்கும், பெரும்பாலும் பின்பக்கத்துக் குறிப்புகளில். அதைத் தேடி எடுத்து மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்து, வந்த எண்ணை எனக்கு அனுப்புங்கள், ஒரு பங்கின் தலையில் நிற்கும் கடன் அதுதான். மாமாவுக்கான பதிலை அதை வைத்து எழுதலாம்.