முதல் துவக்கு எது? மான் வேட்டைக்குப் புறப்படுகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கனடாவின் ஒன்ராறியோவில் நான் மான் வேட்டைக்குப் போகத் தொடங்கி 18 வருடம் ஆகிறது. செப்டெம்பர் பிறந்தால் போதும், "அண்ணை, என்ன துவக்கு வாங்கலாம்?" என்று யாராவது கேட்கத் தொடங்கிவிடுவார்கள். இந்த முறை வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். மான் என்று நான் சொல்வது இங்குள்ள வெள்ளைவால் மானை. நன்றாக வளர்ந்த ஆண் 100 கிலோவைத் தாண்டும். தமிழ்நாட்டு நண்பர்கள் துவக்கைத் துப்பாக்கி என்றும், ரவையைத் தோட்டா என்றும், சன்னத்தை அதன் முனையிலிருந்து பறக்கும் குண்டு என்றும் வாசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்காபரோவிலிருந்து ஒரு தம்பி: துவக்கு வாங்கி வைத்திருப்பதற்கான பால் (PAL) லைசென்ஸ் கையில் வந்துவிட்டது. ரவை வகையில் ஒரு நண்பன் .308 என்கிறான், இன்னொருவன் 6.5 கிரீட்மோர் என்கிறான். இருவரும் சண்டை பிடிக்கிறார்கள். எதை வாங்க?

அவர்கள் சண்டை பிடிக்கட்டும் தம்பி, மானுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. .308 வின்செஸ்டர் 1952இல் வந்தது. 150 கிரெய்ன் சன்னத்தை, அதாவது 10 கிராமுக்குச் சற்றுக் குறைந்த ஒன்றை, விநாடிக்குச் சுமார் 2,800 அடி வேகத்தில் அனுப்பும். 6.5 கிரீட்மோர் 2007இல் வந்தது. 140 கிரெய்னைச் சுமார் 2,700 அடி வேகத்தில் அனுப்பும். அதன் சன்னம் ஒல்லி, நீளம், காற்றை நன்றாக வெட்டிக்கொண்டு போகும். ஆனால் அந்தக் கெட்டித்தனம் 300 யார்டுக்கு அப்பால்தான் வேலைக்கு வரும். பாங்க்ராஃப்ட் பக்கக் காட்டில் 80 யார்டு தெரிந்தாலே பெரிய வெளி. நான் இதுவரை எடுத்த மான்களில் ஒன்றே ஒன்றுதான் 150 யார்டைத் தாண்டி நின்றது.

வித்தியாசம் உங்கள் தோளுக்குத்தான் தெரியும். ஒரே எடையுள்ள துவக்கில் கிரீட்மோரின் உதை .308ஐவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு. .308க்கு உள்ள பலம் வேறு. ரவைப் பெட்டியை வீட்டில் மறந்துவிட்டு வெள்ளிக்கிழமை இரவு காட்டோரச் சிற்றூரில் போய் இறங்கினாலும், அங்குள்ள ஒரேயொரு கடையில் .308 கிடைத்துவிடும். இது எனக்கே நடந்தது. உதை பிரச்சினையில்லை என்றால் .308, உதைக்குக் கூச்சம் என்றால் கிரீட்மோர். இதற்கு மேல் யோசிக்காதீர்கள்.

அதைவிட முக்கியம் துவக்கு உங்கள் உடம்புக்குப் பொருந்துவது. முதல் துவக்கு போல்ட் வகையாக, அதாவது ஒவ்வொரு வெடிக்கும் தாழ்ப்பாள் போன்ற போல்ட்டைக் கையால் இழுத்து ரவை ஏற்றும் வகையாக, இருக்கட்டும். பாகங்கள் குறைவு, துடைப்பது சுலபம், ரவை இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்கலாம். சவேஜ் ஆக்சிஸ், ருகர் அமெரிக்கன் இரண்டும் மலிவான வரிசை. குறையாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் கூடக் காசு இருந்தால் டிக்கா டி3எக்ஸ். அதன் போல்ட் எண்ணெய் போட்ட தாழ்ப்பாள்போல ஓடும். கடையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். போல்ட்டைத் திறந்து உள்ளே ரவை இல்லை என்று கடைக்காரரும் நீங்களும் பார்த்த பிறகு, ஆளில்லாத பக்கமாகத் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளில் வையுங்கள். இப்போது கண்ணைத் திறங்கள். கழுத்தை நீட்டாமல், தலையைச் சாய்க்காமல் ஸ்கோப்பின் (துவக்கின் மேல் பூட்டும் தொலைநோக்கி) முழு வட்டமும் தெரிந்தால் அது உங்கள் துவக்கு. ஓரமெல்லாம் கறுப்பு நிலாவாகத் தெரிந்தால் ஸ்கோப்பை முன்பின்னாக நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் சரிவராவிட்டால் அடுத்ததை எடுங்கள்.

லண்டனில் இருக்கிறேன், ஒன்ராறியோ லண்டன்தான். இந்தப் பக்கத்துக்கு எந்த ரைபிள் நல்லது?

வாங்குவதற்கு முன் கேட்டீர்களே, பிழைத்தீர்கள். தென்மேற்கு ஒன்ராறியோவின் பல வேட்டைப் பிரிவுகளில் மானுக்கு ரைபிளே கூடாது. தட்டையான வயல்வெளி, நாலு பக்கமும் வீடுகள். ஷாட்கன், முன்பக்கத்தால் மருந்து இடிக்கும் துவக்கு, வில் இவை மட்டும்தான். அந்த வருட ஒழுங்குமுறைப் புத்தகத்தில் உங்கள் பிரிவு எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பணப்பையைத் திறக்க வேண்டும். அங்கே வேட்டையாடுவதானால் ஒற்றைச் சன்னம் போட்ட 20 அல்லது 12 கேஜ் (குழல் அகலத்தின் அளவு) ஷாட்கன் போதும். குழலுக்குள் புரி (சன்னத்தைச் சுழலவைக்கும் சுருள் வரி) வெட்டியிருந்தால் 100 யார்டு வரை நம்பலாம். வழுவழுப்பான குழல் என்றால் நான் 60ஐத் தாண்டமாட்டேன்.

மருந்து இடிக்கும் துவக்கு என்றதும் வன்னி ஆட்களுக்குச் சிரிப்பு வரும். நம்மூர் இடியன்தான்! இங்கே அதற்கென்று தனிப் பருவமே வைத்திருக்கிறார்கள்.

மார்க்கம் நகரிலிருந்து ஒரு தங்கச்சி: என் உயரம் 5 அடி 1 அங்குலம். கணவரின் .30-06ஐ ஐந்து முறை சுட்டேன். தோள் கன்றிவிட்டது, ஒன்றும் இலக்கில் படவில்லை. நான் இதற்குச் சரிவரமாட்டேனா?

நீங்கள் சரி, துவக்குத்தான் சரியில்லை. .30-06 1906இல் அமெரிக்க இராணுவத்துக்கு என்று வந்தது. நல்ல ரவைதான், ஆனால் ஏழரைப் பவுண்டு துவக்கில் அதன் உதை சுமார் 20 அடி-பவுண்ட் (உதையை அளக்கும் அலகு). .243 வின்செஸ்டருக்கு அதில் பாதிதான். 7 எம்.எம்.-08 ரெமிங்டன் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். உங்களுக்கு நான் சொல்வது இந்த 7 எம்.எம்.-08. .308இன் பித்தளைக் கூட்டைக் கழுத்தில் ஒடுக்கி 1980இல் கொண்டுவந்தது. 140 கிரெய்ன் சன்னம் மானுக்குத் தாராளம். .243உம் மானுக்குப் போதும். ஆனால் 100 கிரெய்ன் சன்னம் தவறான இடத்தில் பட்டால் மன்னிக்காது. புதிதாகச் சுடுகிறவருக்குக் கொஞ்சம் இடம் விட்டுக் கொடுக்கிற ரவை நல்லது.

அடுத்தது நீளம். விசையிலிருந்து தோளில் படும் கட்டையின் நுனி வரை பொதுவாகப் பதின்மூன்றரை அங்குலம் வைத்து வார்க்கிறார்கள். அது ஆறடி வெள்ளைக்காரருக்கு. நம்மில் பலருக்கு, எனக்கும்தான், அது நீளம். நீளமான கட்டை தோளின் குழிக்குள் உட்காராமல் தோள்மூட்டில் போய் நிற்கும். கன்றியது அங்கேதானே? 'காம்பாக்ட்' என்று ஒரு வகை விற்கிறது, பன்னிரண்டரை அங்குலம் போல வரும். இடையில் தகடு வைத்து நீளம் கூட்டிக் குறைக்கக் கூடியதும் உண்டு. குளிருக்குத் தடித்த ஜாக்கெட் போட்டால் இன்னும் அரை அங்குலம் கூடும் என்பதையும் கணக்கில் எடுங்கள். அந்த ஜாக்கெட்டோடு கடைக்குப் போங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

மூன்றாவது, பயம். ஐந்து வெடியில் உங்கள் உடம்பு ஒரு பாடத்தைப் படித்துவிட்டது: விசையை இழுத்தால் அடி விழும். இனி விசை இழுபட முன்னமே உடம்பு சுருங்கும். எனக்கு இது இருந்ததை நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஒருநாள் சுடுமிடத்தில் நண்பர் என் துவக்கை வாங்கி, எனக்குத் தெரியாமல் உண்மையான ரவைகளுக்கு நடுவில் ஒரு போலி ரவையைச் செருகித் தந்தார். இரண்டு வெடி வெடித்தது. மூன்றாவதில் 'டிக்' என்ற சத்தம் மட்டும். ஆனால் குழல் முனை நாலு விரற்கடை கீழே போய்க் குத்தியது! நண்பர் ஒன்றும் பேசவில்லை. எனக்கு முகம் சிவந்துபோனது. அந்தக் குளிர்காலம் முழுக்க .22இல் சுட்டுத்தான் அதைக் கழற்றினேன். நீங்களும் .22இல் தொடங்குங்கள். மானுக்கு மட்டும் அதை எடுக்காதீர்கள், சட்டப்படியும் கூடாது. காதுக்குள் அடைப்பு, அதன்மேல் காதுமூடி, இரண்டும் போடுங்கள். வெடிச்சத்தம் 160 டெசிபெல் அளவுக்குப் போகும். பாதிப் பயம் அந்தச் சத்தத்தால் வருவதுதான்.

ஒரு கிழவர் பழைய .303 லீ-என்ஃபீல்டை மலிவாகத் தருகிறேன் என்கிறார். எடுக்கலாமா?

கனடாவில் இந்தத் துவக்கால் விழுந்த மானுக்கும் மூஸுக்கும் (இங்குள்ள மிகப் பெரிய மான் இனம்) கணக்கில்லை. வடக்கே இராணுவத்தின் ரேஞ்சர் படையினர் 2018 வரை இதைத்தான் சுமந்தார்கள், அதன் பிறகுதான் .308இல் புதியது கொடுக்கத் தொடங்கினார்கள். ஆகவே ரவையைப் பற்றிக் கவலை வேண்டாம், துவக்கின் நிலையைப் பாருங்கள். போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழலுக்குள் வெளிச்சத்தைப் பார்த்தால் புரி கூர்மையாக மின்ன வேண்டும். போல்ட்டின் எண்ணும் உடலின் எண்ணும் ஒன்றாக இருந்தால் நல்லது. அப்புறம், ரவை உட்காரும் இடம் தேய்ந்திருக்கிறதா என்று துவக்குத் திருத்துகிறவரிடம் ஒருமுறை அளக்கக் கொடுங்கள். ஸ்கோப் பூட்டுவது மட்டும் இதில் தலையிடி.

பிராம்ப்டனிலிருந்து: ஒரேயடியாக .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கிவிட்டால் மான், கரடி, மூஸ் எல்லாவற்றுக்கும் ஆகுமல்லவா?

ஆகும். நீங்கள் ஆவீர்களா என்பதுதான் கேள்வி. .308இல் நல்ல சன்னத்தைப் போட்டு மூஸை வருடாவருடம் எடுக்கிறார்கள். மேக்னத்தின் உதை 25 அடி-பவுண்டைத் தாண்டும். இரவல் வாங்கிய ஒன்றை நான் ஒருமுறை மேட்டை நோக்கிப் படுத்துக்கொண்டு சுட்டேன். ஸ்கோப்பின் விளிம்பு வந்து புருவத்தில் அரைவட்டமாக வெட்டியது. இரத்தம் கண்ணுக்குள் இறங்க, மான் எங்கே போனது என்றுகூடப் பார்க்கவில்லை. தழும்பு இன்னும் இருக்கிறது. மகள் பிறை என்று கேலி பண்ணுவாள்.

ஸ்கோப்புக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

3-9x40 என்ற சாதாரண வகை போதும், அதாவது 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மி.மீ. 3இல் வைத்துக்கொண்டு நடங்கள். துவக்கின் விலையில் பாதியையாவது ஸ்கோப்புக்கு ஒதுக்குங்கள், மான் வெளியே வருவது மங்கல் வெளிச்சத்தில்தான். பூட்டும் வளையங்களில் கஞ்சத்தனம் வேண்டாம்.

எந்தச் சன்னம்? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இறைச்சி சாப்பிடுவார்கள்.

மானுக்கு .308இல் 150 அல்லது 165 கிரெய்ன். இராணுவ வகை முழுக்கவசச் சன்னம் வேண்டவே வேண்டாம், விரியாமல் துளைத்துக்கொண்டு போய்விடும். பிள்ளைகள் சாப்பிடுவதானால் முழுச் செம்பில் செய்ததை எடுங்கள். ஈயம் உள்ளே போய்ச் சிதறும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்திலிருந்து தள்ளியுள்ள இறைச்சியிலும் கிடக்கும். செம்பு சிதறாமல் பூப்போல விரியும். விலை கூடத்தான். வருடத்துக்கு ஒரு பெட்டி, அவ்வளவுதானே. ஒன்று மட்டும்: ரவை மாறினால் படும் இடமும் மாறும். வேட்டைக்கு எதைக் கொண்டுபோகிறீர்களோ அதையே இலக்கிலும் சுட்டுப் பாருங்கள்.

அம்மா ஊரில் ஆமியையும் செல்லடியையும் கண்டவர். வீட்டுக்குள் துவக்கு வரப்போகிறது என்றதும் அழுகிறார். என்ன சொல்லிச் சமாளிக்க?

சமாளிக்காதீர்கள். என் வீட்டிலும் இது நடந்தது. சட்டம் இவ்வளவு கேட்கிறது: ரவை இறக்கியிருக்க வேண்டும், பூட்டியிருக்க வேண்டும், ரவை துவக்கோடு கைக்கெட்டக் கிடக்கக் கூடாது, அல்லது அதுவும் பூட்டுக்குள் இருக்க வேண்டும். நான் இரும்பு அலுமாரி வாங்கி நிலக்கீழ் அறையில் சுவரோடு ஆணியடித்தேன். அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார், மேலே போய்விட்டார். முதல் இரண்டு வருடம் துவக்கை லைசென்ஸ் உள்ள நண்பர் வீட்டில்தான் வைத்திருந்தேன். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

மதுரையிலிருந்து: இதையெல்லாம் படித்தால் ஆசையாக இருக்கிறது. இங்கே வாய்ப்பு உண்டா?

இல்லை ஐயா. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் வந்த திருத்தமும் சேர்ந்து அந்தக் கதையை முடித்துவிட்டன. புள்ளிமானைத் தொட்டால் சிறைதான்.

புதுத் துவக்கை எப்படி இலக்குக்குச் சரிசெய்வது?

முதலில் 25 யார்டு. 100இல் தொடங்குகிறவர்கள் தாளிலேயே படாமல் ஒரு பெட்டி ரவையை மண்ணுக்குக் கொடுக்கிறார்கள். போல்ட்டைக் கழற்றி, துவக்கை மணல்பையில் அசையாமல் வைத்து, குழல் வழியே இலக்கின் நடுப்புள்ளியைப் பாருங்கள். துவக்கைத் தொடாமல் ஸ்கோப்பின் சிலுவையையும் அதே புள்ளிக்குத் திருப்புங்கள். ஒரு வெடி. ஸ்கோப்பின் ஒவ்வொரு 'கிளிக்'கும் 100 யார்டில் கால் அங்குலம். ஆகவே 25இல் ஓர் அங்குலம் நகர்த்த 16 கிளிக். பிறகு 100க்குப் போய் மூன்று மூன்றாகச் சுடுங்கள், நடுநடுவே குழல் ஆறட்டும். .308இல் 150 கிரெய்னை 100இல் இரண்டு அங்குலம் மேலே படும்படி வைத்தால் 200இல் நடுவில் விழும். மானின் நெஞ்சில் உயிர் இருக்கும் இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு, 8 அங்குலம். அதற்குள் ஒவ்வொரு முறையும் போட முடிகிற தூரம் எதுவோ, அதுதான் உங்கள் எல்லை. மேசையிலிருந்து சுட்டது போதும், அப்புறம் முழங்காலில் இருந்து சுட்டுப் பாருங்கள். என் எல்லை அப்போது 120க்கு வந்துவிடுகிறது.

சுட்டேன், மான் ஓடிவிட்டது. உடனே பின்னால் போகலாமா?

போகாதீர்கள். நேரத்தைப் பார்த்துக்கொண்டு அரைமணி இருங்கள். நல்ல இடத்தில் பட்ட மானும் 100 யார்டு ஓடும். பிறகு அது நின்ற இடத்துக்குப் போய்க் குனிந்து பாருங்கள். இளஞ்சிவப்பில் நுரையோடு இரத்தம் இருந்தால் நுரையீரல், பக்கத்தில்தான் கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், இன்னும் சில மணிநேரம் விடுங்கள். பச்சைச் சாறும் நாற்றமும் இருந்தால் குடல். ஆறேழு மணிநேரம் தொடாதீர்கள். துரத்தினால் அடுத்த பிரிவுவரை ஓடும். பொழுதுபட்டுவிட்டால் டோர்ச்சோடு போகலாம். ஆனால் சூரியன் மறைந்து அரைமணிக்குப் பிறகு துவக்கு ரவை இறக்கி உறைக்குள் இருக்க வேண்டும். நான் அதை வாகனத்தில் பூட்டிவிட்டு, கழிவறைக் கடதாசிச் சுருளோடுதான் போவேன். இரத்தம் கண்ட ஒவ்வோர் இடத்திலும் ஒரு துண்டு தொங்கவிட்டுத் திரும்பிப் பார்த்தால், மான் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று வரிசையாகத் தெரியும்.