ஜியோபாலிமர் வலிமை எதில் இருக்கிறது? கேள்வி பதில்

கேள்வி: சிமெண்டுக்குப் பதிலாக ஃபிளை ஆஷ் (நிலக்கரி எரித்த நுண்சாம்பல்) போன்ற பொடியைக் காரக் கரைசலில் கலந்து இறுக்குவதுதானே ஜியோபாலிமர்; அதில் காஸ்டிக் சோடா கரைசலை 8 மோலாரிலிருந்து 16 மோலாருக்கு ஏற்றினால் வலிமையும் இரண்டு மடங்காகுமா சார்?

பதில்: ஆகாது. ஃபிளை ஆஷ் துகளைக் கரைத்து சிலிக்கா, அலுமினா இரண்டையும் வெளியே இழுப்பதுதான் காரத்தின் வேலை. அவை பிறகு ஒன்றோடொன்று பின்னிக் கூழாகி இறுகுகின்றன. ஓர் அளவு வரை காரம் ஏற ஏற வலிமையும் ஏறும். அதைத் தாண்டினால் கூழ் அவசரமாகத் துகள் மேலேயே படிந்து மூடிக்கொள்ளும், உள்ளே இருப்பது கரையாமல் நின்றுவிடும்; மிஞ்சிய சோடியம் பின்னால் வெள்ளை உப்பாகப் பூக்கும். அப்புறம் ஒன்று: 8 மோலார் என்றாலே ஒரு லிட்டர் கரைசலில் 320 கிராம் காஸ்டிக் சோடா. கையுறை, கண்ணாடி இல்லாமல் கிட்டே போகாதீர்கள்.

கேள்வி: அதே கலவைதான், ஃபிளை ஆஷ் மட்டும் அடுத்த லோடு. வலிமை பாதியாகிவிட்டது. பரிசோதனை அறிக்கையில் சிலிக்கா அளவு அப்படியேதான் இருக்கிறது.

பதில்: எல்லோரும் சறுக்குகிற இடம் இதுதான். அறிக்கையில் வருவது மொத்த சிலிக்கா. அதில் குவார்ட்ஸாகவும் முல்லைட்டாகவும் படிகமாகிவிட்ட பகுதி காரத்துக்கு அசைந்தே கொடுக்காது, கண்ணாடி நிலையில் இருப்பதுதான் கரையும். ஆகவே எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன் (எக்ஸ் கதிர் செலுத்திப் படிகங்களைக் கண்டறியும் சோதனை) செய்து கண்ணாடிப் பகுதி எவ்வளவு என்று பாருங்கள். துகளின் நைசையும் பாருங்கள், பொடி நைசாக இருந்தால் கரைகிற பரப்பு கூடும். எரியாத கரி அதிகமிருந்தால் அது கரைசலை உறிஞ்சிக்கொள்ளும், கலவை குழைய வராமல் கெட்டியாகும், நீங்களும் தண்ணீர் விடுவீர்கள்.

கேள்வி: ஆமாம், தண்ணீர் விட்டேன். கொஞ்சம்தானே?

பதில்: சாதாரண சிமெண்டில் தண்ணீரின் ஒரு பங்கு வேதிவினையில் சேர்ந்து கல்லாகவே மாறிவிடும். இங்கே தண்ணீர் வெறும் வாகனம். கூழ் பின்னும்போது பெரும்பகுதி வெளியே தள்ளப்படுகிறது, அது இருந்த இடமெல்லாம் நுண்துளைதான், போதாததற்குக் காரமும் நீர்த்துப்போகும். இனிமேல் விடாதீர்கள்.

கேள்வி: சூடேற்றும் ஓவன் இல்லாமல் இறுக வைக்க முடியாதா?

பதில்: கால்சியம் குறைந்த ஃபிளை ஆஷ் மட்டும் என்றால் 60 முதல் 80 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் வைப்பதுதான் வழக்கம், சாதாரண வெப்பத்தில் மிக மெதுவாகத்தான் இறுகும். அச்சை நன்றாக மூடி வையுங்கள், ஈரம் ஓடினால் விரிசல் விழும். சூடே வேண்டாமென்றால் ஊதுலைக் கசடு (இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கசடின் பொடி) கலந்துகொள்ளுங்கள், அதிலுள்ள கால்சியம் இறுக்கிவிடும். ஆனால் கசடு கூடினால் ஊற்றி முடிப்பதற்குள்ளேயே பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: ஃபிளை ஆஷுக்குப் பதில் மெட்டாகயோலின் (சுட்ட கயோலின் களிமண் பொடி) என்றால், காரக் கரைசலோடு சேர்க்கும் சோடியம் சிலிக்கேட் எவ்வளவு?

பதில்: சிலிக்கானுக்கும் அலுமினியத்துக்கும் உள்ள விகிதம் 1.9 அருகே வரும்படி பாருங்கள். அதற்கு மேல் சிலிக்கேட் கூட்டினால் வலிமை இறங்கும்.

கேள்வி: வலிமை பார்க்க, சோதனைக் கட்டியை 7 நாளில் உடைத்தால் போதுமா?

பதில்: சூடேற்றியது என்றால் பெரும்பாலான வலிமை அதற்குள் வந்துவிடும். கசடு கலந்து சும்மா வைத்ததற்கு 28 நாள் பொறுங்கள்.